கல்லா, உலோகமா, மரமா, சுதையா? சிற்பம் படிக்க நினைக்கும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் நம் மாவட்டத்தில் பேச்சு பெரும்பாலும் இஞ்சினியரிங், நர்சிங், வெளிநாடு என்றுதான் போகும். எங்கோ ஒரு வீட்டில் மட்டும் ஒரு பிள்ளை, "எனக்குச் சிற்பம் படிக்கணும்" என்று சொல்லும். நான் ஓவிய ஆசிரியர் என்பதால் அந்தப் பெற்றோர் என்னைத் தேடி வருவதுண்டு. "சாரே, இதை வச்சுப் பிழைக்க முடியுமா?" என்று கேட்பார்கள். பதில் சொல்வதற்கு முன், எந்தச் சிற்பம் என்று நான் கேட்பேன்.

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சிலைதான். உள்ளே போனால் ஒவ்வொன்றும் தனித்தனித் தொழில். கல்லில் கொத்துகிறவருக்கும் மெழுகில் உரு பிடிக்கிறவருக்கும் கருவி வேறு, முதலீடு வேறு, உடம்புக்கு வேண்டிய பலம் வேறு, ஆர்டர் கொடுக்க வருகிற ஆளும் வேறு. எதில் மதிப்பு அதிகம், எதில் காசு அதிகம் என்று மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறொன்று. வேலையில் கை தவறினால் அந்தப் பொருள் என்ன செய்யும்? மன்னிக்குமா, மன்னிக்காதா? பிள்ளையின் சுபாவத்துக்கு எது ஒத்துவரும் என்பது அதில்தான் தெரியும்.

கல் மன்னிக்காது. ஒரு அம்மன் சிலையில் எல்லாம் முடிந்து, கடைசியில் மூக்கு நுனியில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டால் அத்தனை நாள் உழைப்பும் போச்சு. பின்னமான சிலையைக் கோயிலில் பிரதிஷ்டை செய்ய மாட்டார்கள். எடுத்த கல்லைத் திரும்ப ஒட்டவும் முடியாது. அதனால்தான் கல் வேலையில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு உடனே முகம் கொடுப்பதில்லை. பீடம், பட்டை, தூணின் கட்டம், தாமரை இதழ் என்று வருஷக்கணக்கில் போகும். கண் திறப்பது தலைமை ஸ்தபதியின் வேலை, அதுவும் கடைசியில். பொறுமையும் முன்யோசனையும் உள்ள பிள்ளைக்குக் கல் சரி. அவசரக்காரனுக்கு ஒத்துவராது.

கல்லுக்கு நம் மாவட்டத்தைப் போல வாய்த்த இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. மயிலாடியில் பரம்பரையாகக் கல் வேலை நடக்கிறது. அங்கத்திய கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சாலையோரப் பட்டறையில் உளிச் சத்தத்தை வைத்தே எது இளகிய கல், எது முற்றிய கல் என்று சொல்லிவிடுகிற ஆட்கள் அங்கே உண்டு. தட்டினால் மணி போல ஒலிப்பது ஆண் கல், அதில் ஆண் தெய்வங்களைச் செய்யலாம். தாளம் போல ஒலிப்பது பெண் கல், அது அம்மனுக்கும் பீடத்துக்கும் ஆகும். ஒலியில்லாத கல்லைத் தளவரிசைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சிற்ப நூல்கள் பிரித்துச் சொல்கின்றன. உள்ளே வெடிப்போ பொத்தலோ இருந்தால் கல் மந்தமாகத்தான் ஒலிக்கும். ஆகவே அந்தப் பழக்கத்தில் ஒரு சோதனையும் அடங்கியிருக்கிறது.

கல்லுக்குள்ளேயே மூன்று பிரிவு இருப்பதை நம் மாவட்டத்திலேயே பார்க்கலாம். சிதறால் மலையில் பாறை முகத்தில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில் அது சமணப் பள்ளி. ஆய் மன்னன் விக்கிரமாதித்ய வரகுணன் காலக் கல்வெட்டு அங்கே உண்டு. அது புடைப்புச் சிற்பம். பின்பக்கம் பாறையோடு ஒட்டியே இருக்கும், பார்ப்பவர் முன்னாலிருந்துதான் பார்ப்பார். சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் 18 அடி அனுமார் முழு உருவம், ஒரே கல். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் உடம்பு நிற்க வேண்டும், எடை தாங்க வேண்டும். அதே கோயிலில் ஒரே கல்லிலிருந்து மெல்லிய தண்டுகளாகப் பிரித்து எடுத்த இசைத்தூண்களைத் தட்டினால் தண்டுக்குத் தண்டு சுரம் மாறும். அங்கேயே ஒரு சிலையின் காதில் விட்ட மெல்லிய குச்சி மறு காது வழியாக வெளியே வருகிறது. இது போன்ற வேலையில் அழகுக்கு முன்னால் கணக்கு வர வேண்டும்.

மூன்றாவது, கடலுக்குள் நிற்கும் வள்ளுவர். 38 அடி பீடம், 95 அடி சிலை, மொத்தம் 133 அடி. வை. கணபதி ஸ்தபதி வடிவமைத்து 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. அது ஒற்றைக் கல் சிலை அல்ல. டன் கணக்கில் எடையுள்ள கற்களைத் தனித்தனியாகச் செதுக்கி, அடுக்கிப் பொருத்தி எழுப்பியது. செய்தவர்களுக்குச் சிற்பமும் தெரிந்திருந்தது, கோயில் கட்டுமானமும் தெரிந்திருந்தது. 2004 சுனாமியில் அலை மேலேறி அடித்தும் சிலை அசையவில்லை. கணக்கிலும் இயற்பியலிலும் ஆர்வமுள்ள பிள்ளை, "சிற்பம் படித்தால் கணக்கு வீணாகிவிடுமே" என்று கவலைப்பட்டால் படகில் ஏற்றி அங்கே கூட்டிப்போங்கள். மாமல்லபுரம் கல்லூரியில் கோயில் கட்டடக்கலை தனிப் படிப்பாகவே இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அது சிற்பத்தைவிடப் பொருத்தமாகக்கூட இருக்கலாம்.

உலோகம் வேறு விதமாகச் சோதிக்கும். ஐம்பொன் சிலை செய்கிறவர் முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முழு உருவத்தையும் பிடிக்கிறார். கை பிடிக்கவில்லையா, சூடு காட்டி வளைக்கலாம். விரல் தடித்துவிட்டதா, வழித்து எடுக்கலாம். இந்தக் கட்டத்தில் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம். அப்புறம் அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, மேலே மேலே மண் கட்டி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியே எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்ற வேண்டும். ஊற்றுகிற அந்தச் சில நிமிஷத்தில் எல்லாம் முடிவாகிவிடும். ஈரம் மிச்சமிருந்தாலோ காற்று அடைத்துக்கொண்டாலோ உரு கெட்டுப்போகும். மெழுகு போய்விட்டதால் திரும்ப முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். அச்சை உடைத்தே சிலையை எடுப்பதால் ஒன்று போல இன்னொன்று வராது. பிறகு உளியும் அரமும் வைத்துச் சீவித் துலக்குவதற்கு, வார்ப்பதற்கு ஆன நாளைவிட அதிக நாள் பிடிக்கும்.

இதில் தேறுகிற பிள்ளைக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. கோயில்களில் மூலவர் பெரும்பாலும் கல். வீதி உலா போகிற உற்சவர் உலோகம். ஊர் ஊராகப் புது உற்சவர் கேட்கிறார்கள். வெளிநாட்டுத் தமிழர்களும் வாங்குகிறார்கள். ஆனால் நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு இரண்டு தடை. ஒன்று, ஊரை விட்டுப் போக வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு வேர் சுவாமிமலைதான். அங்கத்திய காவிரி வண்டல் மண்ணின் நைசு அச்சுக்கு அவ்வளவு பொருத்தம். இரண்டு, கைக்காசு. செம்பின் விலையிலேயே பெரும் பணம் முடங்கும், அதன்மேல் வெள்ளி, தங்கம் சேர்மானம். குடும்பத்தில் யாரும் இந்தத் தொழிலில் இல்லாத பையன் சொந்தப் பட்டறை போடுவது சிரமம். இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிலைகள் 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடும் என்பதால், புதிதாகச் செய்ததை வெளிநாட்டுக்கு அனுப்பும்போதுகூட அது பழம்பொருள் அல்ல என்று சான்று வாங்க வேண்டியிருக்கும். பில், போட்டோ எல்லாம் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஒழுங்கு இந்தத் தொழிலில் அவசியம்.

மரம் நடுத்தரம். கொஞ்சம் மன்னிக்கும். சில்லு பெயர்ந்தால் அதே மரத்தில் துண்டு வைத்து ஒட்டி, இழை சேர்த்துவிடலாம். ஆனால் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் உளி வைத்தால் பிளந்துகொண்டு போகும். நம்மூர் ஆசாரிமாருக்கு இந்த அறிவு சொல்லிக்கொடுக்காமலே வந்துவிடுகிறது. சின்ன வயதிலேயே தேக்கு, அயனி, பலா என்று மரத்தின் நடுவில் வளர்ந்தவர்கள்.

மர வேலைக்கு நம் மாவட்டத்தில் இருக்கிற பாடசாலை பத்மநாபபுரம் அரண்மனை. பள்ளிச் சுற்றுலாவில் ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வருகிற இடமாக அதை வைத்திருக்கிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். பூமுகத்தின் மேற்கூரையை அண்ணாந்து பாருங்கள், 90 பூக்கள், ஒன்றைப் போல ஒன்று இல்லை. தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் செதுக்கிய தூணைச் சுற்றி நின்று பார்த்தால் கொடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே பிடிபடாது. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரே ஒரு தூண் என்று உட்கார்ந்து வரையும் பிள்ளை அங்கே கற்றுக்கொள்வது எந்த வகுப்பிலும் கிடைக்காது.

சம்பாத்தியம்? வாசல் கதவு, பூஜை அறைக் கதவு, கோயில் வாகனம், தேர்ச் சிற்பம், தேவாலயப் பீடம், தேர்ப்பவனிக்கு எடுக்கும் சொரூபம் என்று தேவை இருக்கிறது. ஆனால் கதவு மாதிரித் தட்டையான வேலைக்குள் சிஎன்சி மெஷின் முழுசாக நுழைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் டிசைனைக் கொடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாக வெட்டித் தருகிறது. அதோடு விலையில் மோத முடியாது. ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளை பூவேலையோடு நிற்காமல் முழு உருவம் செய்யக் கற்றாக வேண்டும். உருவத்தின் முகபாவம், உடம்பின் ஒசிவு, பழைய வாகனத்தில் உடைந்த பகுதியைப் பழைய கைக்கு ஒத்தபடி புதுப்பிப்பது, இதற்கெல்லாம் ஆள் வேண்டும். அப்படிப்பட்ட ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். முதலீடும் குறைவு, நல்ல உளிகள் ஒரு செட், ஒரு பட்டடை மரம், நிழல் இருந்தால் தொடங்கிவிடலாம்.

சுதையை, அதாவது சாந்து பூசிச் செய்கிற சிற்பத்தைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. "அது கொத்தன் வேலைதானே" என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. சுசீந்திரத்தில் 134 அடி ராஜகோபுரத்தின் உருவங்கள் எல்லாம் சுதை. உள்ளே படுத்திருக்கிற, சுமார் 13 அடி உயரமுள்ள மாக்காளை என்ற பெரிய நந்தியும் சுதைதான், கல் இல்லை. சுண்ணாம்பும் மணலும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரும் சேர்த்து அரைத்த சாந்து கல் போல இறுகி நிற்கிறது. இப்போது பெரும்பாலும் சிமென்ட். சுதை நல்லாவே மன்னிக்கும்: ஈரம் இருக்கும்வரை சேர்க்கலாம், வழிக்கலாம், காய்ந்த பிறகும் கொத்தி எடுத்து மறுபடி பூசலாம். ஆனால் சாரத்தில் ஏறி, வெயிலில் நின்று, கீழேயிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியும்படி மேலே அளவை மாற்றிச் செய்ய வேண்டும். கோபுரத்தின் மேல்நிலையில் இருக்கும் முகத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் முன்னால் தள்ளினாற்போல இருக்கும். அண்ணாந்து பார்க்கும்போதுதான் அது சரியாகும்.

வருமானம் சீக்கிரம் தொடங்குவதும் சுதையில்தான். கும்பாபிஷேகத்துக்கு 12 வருஷத்துக்கு ஒரு தடவை கோபுரத்தைச் செப்பனிட்டு வண்ணம் தீட்டுவது வழக்கம், ஆகவே எங்காவது வேலை நடந்துகொண்டே இருக்கும். நம் பக்கம் சுடலைமாடன், இசக்கியம்மன் கோயில்கள் ஊருக்கு ஊர். அங்கே உருவத்தில் உக்கிரம் வேண்டும், ஆகம அளவு அவ்வளவு கறாராகக் கிடையாது. இளம் கைக்கு அந்தச் சுதந்திரம் பெரிய பயிற்சி. கடற்கரைக் கிராமங்களில் குருசடி, மாதா கெபி, கிறிஸ்துமஸ் குடில் என்று தனி உலகமே இருக்கிறது. 2022 மே 15 அன்று தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கிடைத்த பிறகு அவருடைய சொரூபத்துக்கும் தேவை கூடியிருக்கிறது. சங்கிலி பூட்டிய, மண்டியிட்ட உருவமாக அவரைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். வருகிற தலைமுறைச் சிற்பி அதை எப்படியெல்லாம் செய்யப்போகிறான் என்று பார்க்க எனக்கு ஆசை.

சுதைக்குப் பக்கத்துச் சொந்தமாக ஒன்று உண்டு. திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் 22 அடி நீளத்தில் பள்ளிகொண்டிருக்கும் திருமேனி கல்லோ உலோகமோ அல்ல; 16,008 சாளக்கிராமங்களை உள்ளே வைத்து, கடுசர்க்கரை என்ற கலவையால் உருவாக்கியது. மரச்சட்டம் கட்டி, கயிறு சுற்றி, பலவகை மண்ணும் பிசினும் மூலிகைச் சாறும் சேர்ந்த கலவையை அடுக்கடுக்காகப் பூசிக் காயவைக்கும் முறை அது. இப்படிச் செய்த திருமேனிக்கு நீர் அபிஷேகம் செய்வதில்லை. 418 வருஷத்துக்குப் பிறகு 2022 ஜூலை 6 அன்று அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. இதைத் தொழிலாக எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன், வேலை அபூர்வமாகத்தான் வரும். ஆனால் சுதை படிக்கிற பிள்ளை இதைத் தெரிந்துவைத்திருந்தால், என்றாவது ஒரு நாள் தென் தமிழ்நாட்டிலோ கேரளத்திலோ அவனைத் தேடி ஆள் வரும்.

அப்புறம் நவீனச் சிற்பம். களிமண்ணில் உருவம் செய்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்து, ஃபைபரிலோ வெண்கலத்திலோ வார்ப்பது. தலைவர் சிலை, சினிமா செட், அருங்காட்சியகம், பூங்கா எல்லாம் இந்த வழி. நிஜ மனிதரின் சாயலைப் பிடிக்கும் கண் உள்ள பிள்ளைக்கு இது. மெரினாவில் தேவிபிரசாத் ராய் சவுத்ரி செய்த உழைப்பாளர் சிலையும், திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையில் கானாயி குஞ்ஞிராமன் செய்த சாகரகன்னிகையும் இந்த மரபுதான். கம்ப்யூட்டரில் உருவம் செதுக்கும் பிளெண்டர், ஸீபிரஷ் போன்றவற்றையும் கூடவே கற்றால் அனிமேஷன், கேம் வேலைகளுக்கும் வாசல் திறக்கும். இந்த வழியில் போகிறவர் தெய்வ உருவத்தின் அளவுக் கணக்குகளைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள் என்பது ஒரு குறை. முகத்தின் நீளத்தை ஒரு தாலம் என்று வைத்து, உத்தம தசதாலம் என்ற உருவ அளவுக்கு 124 அங்குலம் (இது இஞ்ச் அல்ல, சிலையின் அளவுக்கேற்ப மாறும் அலகு), நவதாலத்துக்கு 108 என்று வகுத்திருக்கிற முறையை ஒரு வருஷமாவது பழகினால் மனித உருவம் செய்வதும் சுலபமாகும்.

எங்கே படிப்பது? மரபுச் சிற்பத்துக்கு மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி. 1957இல் பயிற்சி நிலையமாகத் தொடங்கியது. கல், உலோகம், மரம், சுதை எல்லாம் நான்கு வருஷப் பட்டப்படிப்பில் உண்டு. நவீனச் சிற்பத்துக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கியது. விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சென்னையைவிட எவ்வளவோ பக்கம் 1881இல் தொடங்கிய திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரி. வேறு மாநிலம் என்பதால் சேர்க்கை விதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கல்லூரியா, பட்டறையா என்று கேட்டால் இரண்டும் வேண்டும் என்பேன். பட்டம் அரசு வேலைக்கும் பெரிய டெண்டருக்கும் உதவும். கை வேகமும் வாடிக்கையாளரிடம் பேசும் பேச்சும் பட்டறையில்தான் வரும். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் மயிலாடியில் உட்கார்ந்து கொத்திய மாணவனுக்கும், கல்லூரியோடு நிறுத்திக்கொண்டவனுக்கும் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

சரி, நானே ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட வேண்டும் என்றால்? குடும்பத்தில் தொழில் பின்னணி இல்லாத, ஊரோடு இருக்க விரும்புகிற பிள்ளைக்குச் சுதையில் தொடங்கிக் கல்லுக்குப் போகச் சொல்வேன். மண்ணிலும் சுதையிலும் கை பழகினால் உருவம் மனதில் முழுசாக நிற்கும். அப்புறம் கல்லில் எதை எடுக்க வேண்டும் என்பது தெளிவாகும். நேராகக் கல்லில் உட்கார்ந்தால் பல வருஷம் பட்டை எடுப்பதிலேயே போய்விடும் அபாயம் உண்டு. ஆசாரி வீட்டுப் பிள்ளை என்றால் மரம், தயங்கவே வேண்டாம். ஆனால் கதவோடு நிற்கக் கூடாது. சாயல் பிடிக்கும் கண் இருந்தால் நவீனம். உலோகத்தை, சுவாமிமலையில் போய் நாலைந்து வருஷம் தங்கத் துணிகிற பிள்ளைக்கு மட்டும் சொல்வேன்.

எதை எடுத்தாலும் நுரையீரல் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கருங்கல்லைக் கட்டரால் அறுக்கும்போது பறக்கும் தூசியில் சிலிகா இருக்கிறது. அது நெஞ்சில் படிந்து வரும் சிலிகோசிஸுக்கு மருந்து கிடையாது, தடுப்பதுதான் வழி. தண்ணீர் ஊற்றி அறுக்க வேண்டும். துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என்95 தரத்து முகமூடி வேண்டும். ஃபைபர் வேலையில் ரெசின் நெடிக்கு அதற்கென உள்ள வடிகட்டி வைத்த முகமூடி, காற்றோட்டமான இடம். பிள்ளையைச் சேர்க்கும் முன் பட்டறைக்குப் போய் மூத்தவர்கள் முகமூடி போடுகிறார்களா என்று பாருங்கள். போடாத பட்டறையில் எவ்வளவு பெரிய ஸ்தபதி இருந்தாலும் நான் சேர்க்க மாட்டேன்.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் தயங்குவது எனக்குத் தெரியும். கல் தூக்குவதற்குச் சங்கிலிக் கப்பியும் கிரேனும் வந்தாச்சு. மெழுகு உரு, களிமண், மரம், சுதையின் நுணுக்க வேலை எதிலும் பெண் கை பின்தங்கவில்லை. கல்லூரிகளில் இடமும் இருக்கிறது. பட்டறைகளில்தான் இன்னும் பெண்கள் குறைவு. முதல் கொஞ்ச நாள் அப்பாவோ அண்ணனோ கூடப் போய் உட்கார்ந்தால் போதும், அப்புறம் வேலையே அவளுக்கு அங்கே இடம் பிடித்துக் கொடுக்கும்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். விடுமுறையில் ஒரு வாரம் ஒரு கல் பட்டறையிலும், இன்னொரு வாரம் ஒரு மரப் பட்டறையிலும் பிள்ளையைச் சும்மா உட்காரவைக்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான ஸ்தபதிகள் மறுக்க மாட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் களைப்பாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், களைப்பு எல்லாவற்றிலும் உண்டு. இன்றைக்கு என்ன தப்பானது, அதை அவர்கள் எப்படிச் சரி செய்தார்கள் என்று கேளுங்கள். எந்தப் பட்டறையில் நடந்ததைப் பற்றிப் பிள்ளை அதிகம் பேசுகிறதோ, அந்தப் பட்டறைக்கே அனுப்புங்கள்.